தோட்டத்தில் பிறந்த சங்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோபிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பையன்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பெரியவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நன்கொடை நோட்டுகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளும் பயிற்சி எனக்கு நெடுநாளாக உண்டு. மாரியம்மன் நோம்பிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று யோசித்தேன்.

“நோம்பிக்கு இல்லீங்கய்யா. நாங்க புட்பால் கிளப் ஒண்ணு ஆரம்பிக்கறமுங்க. அய்யா கதை எழுதறவரு. நல்ல பேரா ஒண்ணு வெச்சுக் குடுக்கோணும்” என்றான் பெரியவன்.

தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடுகிற இந்தக் காலத்தில் கால்பந்துக்கு ஒரு சங்கமா என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே அங்கத்தினர்களின் பெயர்கள், பதினெட்டு. தகப்பனார் பெயர்களையும் எழுதியிருந்தார்கள். அந்த ஊர் எனக்குத் தெரிந்த ஊர் ஆகையால், பதினெட்டுப் பேரும் ஒரே பக்கத்துத் தெருக்காரர்கள் என்பது உடனே விளங்கிவிட்டது.

“காலனிப் பசங்க பந்து ஆடறதில்லையா?” என்று கேட்டேன்.

“ஆடுவாங்கய்யா. எங்களைக் காட்டியும் நல்லா ஆடுவாங்க” என்றான் சின்னவன். பெரியவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். “பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்கய்யா” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவர்களைக் குறை சொல்ல நான் யார்? “பெயர் வைக்கிறது இருக்கட்டும். உட்காருங்கள். பெயரெடுத்த ஒரு சங்கத்தின் கதையைச் சொல்கிறேன்” என்றேன். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கதை நடந்த இடம் கல்கத்தா. ஆரம்பம் 1877-ல். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்று ஒரு சிறுவன். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அது அந்தக் குடும்பத்தாரின் பழைய பட்டம். 1869-ல் பிறந்த பையன், ஹேர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் தாயாருடன் கங்கையில் குளிக்க வண்டியில் போகும்போது, மைதானத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஒரு பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டான். வண்டியிலிருந்து இறங்கி வேடிக்கை பார்த்தான். பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. எடுத்துப் பார்த்தான். ‘இப்படி உதை’ என்று ஒரு சிப்பாய் சொல்ல, அவனும் உதைத்தான். இந்தியன் ஒருவன் கால்பந்தை முதன்முதலாக உதைத்தது அன்றுதான் என்று வங்காளிகள் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு முன் வேறு யாரும் உதைத்ததே இல்லை என்று யார் சாட்சி சொல்ல முடியும்? ஆனால் அடுத்து நடந்ததுதான் முக்கியம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கடைக்குப் போய்ப் பந்து வாங்கினார்கள். ஆனால் வாங்கி வந்தது நீள்வட்டமான ரக்பி பந்து! அதை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்ற வெள்ளைக்காரர் பார்த்தார். சிரித்துவிட்டுப் போகாமல், உருண்டைப் பந்து ஒன்றைக் கொடுத்து ஆட்ட விதிகளையும் சொல்லிக் கொடுத்தார்.

நாகேந்திர பிரசாத் வளர்ந்தார். ஊரெங்கும் சங்கங்கள் ஆரம்பிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று வெலிங்டன் சங்கம். அதில் மணி தாஸ் என்று ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். அவன் குயவர் வீட்டுப் பிள்ளை, நன்றாக ஆடுகிறவன். சங்கத்தில் இருந்த பெரிய குடும்பத்துப் பிள்ளைகள், குயவர் மகனோடு நாங்கள் ஆடுவதா என்று முகம் சுளித்தார்கள். ஓட்டெடுத்திருந்தால் மணி தாஸ் வெளியே போயிருப்பான். சர்வாதிகாரி அப்போதுதான் தம் பெயருக்கு ஏற்ற ஒரு காரியம் செய்தார். பையனை நீக்கவில்லை, சங்கத்தையே கலைத்துவிட்டார். பிறகு 1880-களில் ஷோபாபஜார் சங்கம் என்று புதிதாக ஒன்றை அமைத்தார். அதில் மணி தாஸுக்கு இடம் உண்டு. அந்த ஷோபாபஜார் சங்கந்தான் 1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் கிழக்கு சர்ரே பட்டாளத்தின் கோஷ்டியைத் தோற்கடித்தது. பந்தயத்தில் ஆங்கிலப் பட்டாளத்தை ஓர் இந்தியச் சங்கம் வென்றது அதுதான் முதல் தடவை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பெரியவன் குறுக்கிட்டான். “கிளப்பையே கலைச்சுப் போட்டாருங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இது எங்கோ வங்காளத்தில் நடந்தது என்று கோபிக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. நம் ஊரிலேயே லட்சுமண ஐயர் இருந்தார். 1917-ல் பிறந்து 2011-ல் மறைந்தவர். வசதியான குடும்பம். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதிகள் நடத்திக் குடும்பச் சொத்தைக் கரைத்தார். நகராட்சித் தலைவராக இருந்தபோது, மனிதக் கழிவை மனிதன் தலையில் சுமக்கும் வழக்கத்தைக் கோபியில் ஒழித்தார். அவரும் இப்படித்தான்: யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி வந்தபோது, தம் பக்கத்துக்காரர்களின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தவில்லை.

இனி நம் கதைக்குரிய சங்கத்துக்கு வருகிறேன். வடகல்கத்தாவில் பரியாபுகூர் என்ற பகுதியில் கீர்த்தி மித்ரர் என்பவருக்கு ஒரு மாளிகை இருந்தது. அதற்குப் பெயர் மோகன் பகான். ‘பகான்’ என்றால் வங்காளியில் தோட்டம். தோட்டம் என்றதும் நம் கொங்கு நாட்டார் கிணற்றையும் வாய்க்காலையும் மஞ்சள் பாத்தியையும் நினைத்துக்கொள்வார்கள். இது பணக்காரர் வீட்டு உத்தியானம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் அங்கே கூடி ஆடினார்கள். அப்பகுதியின் மித்ரர், பாசு, சென் குடும்பத்துப் பெரியவர்கள் ஆதரவு தந்தார்கள். 1889-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி கூட்டம் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். தேதியைக் கவனியுங்கள், அந்தத் தேதிக்குப் பின்னால் வரப்போகும் மகிமை அன்று யாருக்குத் தெரியும்? முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ் என்ற வக்கீல். அவர் நமக்கும் அந்நியர் அல்ல. 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவரே.

முதல் ஆண்டு விழாவுக்கு ரோ என்ற ஆங்கிலப் பேராசிரியரை அழைத்திருந்தார்கள். சங்கத்துக்கு அப்போது ‘மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்’ என்று பெயர். ரோ கேட்டார்: “இங்கே மீன்பிடித்தல் உண்டா? வேட்டை உண்டா?” இல்லை என்றார்கள். “அப்படியானால் ஸ்போர்ட்டிங் என்ற சொல் பொருந்தாது. அத்லெட்டிக் கிளப் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவ்விதமே மாற்றினார்கள். வந்த விருந்தாளி பெயரில் குற்றம் கண்டுபிடித்தால் நம் ஊரில் மறு வருஷம் அவரைக் கூப்பிட மாட்டோம்.

பெயர் சரியாகிவிட்டது; ஆட்டம் சரியாக வெகு காலம் பிடித்தது. 1893-ல் கூச் பிகார் கோப்பைப் பந்தயத்தில் இறங்கினார்கள். தோல்வி. மறு வருஷமும் தோல்வி. சங்கம் தோன்றிப் பதினைந்து வருஷங்கள் ஒரு கோப்பை கூட வரவில்லை. நம் ஊர்களில் இரண்டு தோல்விக்குள் பொக்கிஷதாரும் காரியதரிசியும் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாவது தோல்விக்குள் சங்கப் பலகை யாராவது ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கதவாகிவிடும். மோகன் பகான் கலையவில்லை. 1900 வாக்கில் சைலேன் பாசு என்பவர் காரியதரிசியானார். பின்னாளில் ராணுவத்தில் சேர்ந்து சுபேதார் மேஜரானவர். அந்தக் கண்டிப்பு முன்னாலேயே அவரிடம் இருந்தது போலும். மழையோ வெயிலோ, ஆட்டக்காரர்கள் ஓட வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும். மாட்டேன் என்றால் வீட்டுக்குப் போகலாம்.

1904-ல் கூச் பிகார் கோப்பை வந்தது. 1905-ல் சின்சுராவில் கிளாட்ஸ்டன் கோப்பைப் பந்தயத்தில் டல்ஹௌசி என்ற வெள்ளையர் கோஷ்டியை 6-க்கு 1 என்று வென்றார்கள். 1906, 1907, 1908 மூன்று வருஷமும் டிரேட்ஸ் கோப்பை இவர்களுடையதே. 1909-ல் எல்லாவற்றிலும் பெரிய பந்தயமான ஐ.எப்.ஏ. கேடயத்துக்கு இறங்கி, கார்டன் ஹைலாண்டர்ஸ் பட்டாளத்திடம் தோற்றுத் திரும்பினார்கள். தோற்றவர்கள் மறுபடி மைதானத்துக்கே போனார்கள், அதுதான் விசேஷம்.

1911-ல் கேடயத்துக்கு ஆடிய பதினொரு பேர் யார், அவர்களுக்கு ஜீவனம் என்ன? தலைவர் சிவதாஸ் பாதுரி, கால்நடை வைத்திய இலாகாவில் உத்தியோகம். கோல் காத்த ஹீராலால் முகர்ஜிக்குச் செங்கல் சூளையில் வேலை. மன்மோகன் முகர்ஜி மராமத்து இலாகாக் குமாஸ்தா. நீலமாதவ பட்டாச்சாரியா ஒரு பாங்கியில் இருந்தார். சுதிர் சாட்டர்ஜி கல்லூரி ஆசிரியர். அபிலாஷ் கோஷும் ராஜேன் சென்குப்தாவும் படித்துக்கொண்டிருந்த பையன்கள். யாருக்கும் பந்து ஆடிச் சம்பளம் கிடையாது. பலர் கிழக்கு வங்காளத்திலிருந்து பிழைக்கவும் படிக்கவும் வந்தவர்கள். காலில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். எதிரில் ஆணி தைத்த பூட்ஸ் போட்ட சிப்பாய்கள்.

வயிற்றுக்கு ஒரு வேலை, மனத்துக்குப் பந்து என்று வாழ்ந்தவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை. அதே காலத்தில் வேல்ஸ் தேசத்தில், சர்க் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில், டி. இ. தாமஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார் தம் மாணவர்களைக் கால்பந்தில் பழக்கினார். அவர் பிள்ளைகளில் பலர் நாட்டுக்காக ஆடினார்கள். அவர்களில் ஒருவன் பில்லி மெரெடித்; பன்னிரண்டு வயதிலேயே சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். சர்க் சங்கம் 1894-ல் வேல்ஸ் கோப்பையை வென்றபோது அவனும் ஆடினான். அதே வருஷம் மான்செஸ்டர் நகரத்துச் சங்கம் அவனை அழைத்துக்கொண்டது. அங்கே சேர்ந்த பிறகும் முதல் சில மாதங்கள் அவன் சுரங்க வேலையை விடவில்லை. பிள்ளை பந்தாடிப் பிழைப்பதில் தாயாருக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் அவன் போனான். உலகப் புகழ் பெற்றான். கிராமம் ஒரு நல்ல ஆட்டக்காரனை இழந்தது. சிறு சங்கங்களுக்கு எங்கும் இதுதான் விதி. வளர்த்துவிடுவது அவர்கள், கொண்டு போகிறவர்கள் வேறு யாரோ.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1911 ஜூலை மாதம். முதலில் செயின்ட் சேவியர் கல்லூரியை வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ் சங்கம். அதற்கடுத்து ரைபிள் பிரிகேட் பட்டாளம். பிறகு மிடில்செக்ஸ் பட்டாளம். முதல் நாள் சமம், மறு ஆட்டத்தில் 3-க்கு 0. இறுதி ஆட்டம் ஜூலை 29-ஆம் தேதி, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்துடன்.

1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்ததிலிருந்து அந்த மாகாணத்தின் நெஞ்சு ஆறவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் வெறுங்கால் வங்காளிகள் பட்டாளத்துடன் மோதப் போகிறார்கள் என்றால் கேட்பானேன்? விசேஷ ரயில் விட்டார்கள். படகிலும் நீராவிக் கப்பலிலும் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். 60,000 பேர் என்பாரும் உண்டு, 80,000 என்பாரும் உண்டு. தலையை எண்ணியவர் யாரும் இல்லை. மரக்கிளைகளில் இடம் இல்லை. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. அவர்களுக்காகக் காற்றாடி விட்டார்களாம். கோல் விவரத்தைக் காற்றாடியில் காட்டி உயரப் பறக்க விட்டார்கள். வானொலி இல்லாத காலத்து வர்ணனை அது.

முதல் கோல் பட்டாளத்துக்கு. ஜாக்சன் என்ற சார்ஜன்ட் போட்டான். கூட்டம் வாயடைத்தது. சற்றைக்கெல்லாம் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம் இருக்கும்போது சிவதாஸ் பந்தைக் கொண்டுபோய் அபிலாஷ் கோஷிடம் தள்ள, அந்தக் கல்லூரிப் பையன் அதை உள்ளே அடித்தான். 2-க்கு 1. இந்தியச் சங்கம் ஒன்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அன்று மாலை நடந்ததாக ஒரு கதை உண்டு. வெற்றி ஊர்வலத்தில் ஒரு கிழவர், கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, ‘இது எப்போது இறங்கும்?’ என்று கேட்டாராம். ‘மோகன் பகான் மறுபடி கேடயம் வாங்குகிறபோது’ என்று யாரோ பதில் சொன்னார்களாம். நடந்த கதையோ கட்டிய கதையோ, மோகன் பகான் இரண்டாவது முறை அந்தக் கேடயத்தை வாங்கியது 1947-ல்! நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால் நம்பத்தகாத முடிவு என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள்.

1911 டிசம்பர் 12-ஆம் தேதி டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரமும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போயிற்று. பந்தாட்டத்தால்தான் இது நடந்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை. சாம்ராஜ்யங்கள் கோல் கணக்குப் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்த வெற்றி செய்த காரியம் வேறு. கச்சேரியிலும் பாங்கியிலும் சூளையிலும் வெள்ளைக்காரன் முன் கைகட்டி நிற்கிற மனிதன், சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு சமமாக ஓட முடியும் என்று காட்டிற்று. அதற்கு இருபத்திரண்டு வருஷத்து மாலைப் பொழுதுகள் செலவாயின. சைலேன் பாசுவின் கண்டிப்பை மறந்துவிட்டு அதை அற்புதம் என்று சொல்வது அவருக்குச் செய்கிற துரோகம்.

பிறகு என்ன ஆயிற்று? 1920-ல் கல்கத்தாவில் கிழக்கு வங்காளத்துக்காரர்கள் தங்களுக்கென்று ஈஸ்ட் பெங்கால் சங்கத்தை அமைத்தார்கள். ஜோராபகான் என்ற சங்கம் மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரை நிறுத்தி வைத்ததுதான் அதற்கு வித்து. ஒரு பெயரை விட்டதனால் ஒரு புதுச் சங்கம்! மணி தாஸின் கதைதான், வேறு உடையில்.

சம்பளம் வாங்காத ஆட்டக்காரர் மரபு வெகுநாள் நீடித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனே பிரான்சை எதிர்த்து ஆடி 2-க்கு 1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் ஆடிய மோகன் பகான் வீரர் சைலேன் மன்னா, சுமார் பத்தொன்பது வருஷம் அதே சங்கத்துக்கு ஆடினார். அவருக்குச் சோறு போட்டது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலை, சங்கம் அல்ல.

காலம் மாறிற்று. ஆட்டம் வியாபாரமாயிற்று. 2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஒரு பெரிய கம்பெனியுடன் இணைந்தது. பங்கில் 80 சதவிகிதம் கம்பெனிக்கு, 20 சதவிகிதம் சங்கத்துக்கு. கம்பெனியின் பழைய கோஷ்டிப் பெயரான ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்தை மோகன் பகானுக்கு முன்னால் ஒட்டினார்கள். ரசிகர்கள் பொறுக்கவில்லை. பணம் யாருடையதாகவும் இருக்கட்டும், பெயர் எங்களுடையது என்று மூன்று வருஷம் சண்டை போட்டார்கள். 2023-ல் அந்த எழுத்துக்கள் நீங்கின. மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் என்று ஆயிற்று. கீர்த்தி மித்ரரின் மாளிகை இன்று இல்லை. தோட்டமும் இல்லை. பெயருக்காகப் போராட மட்டும் ஆள் இருந்தது. ஒரு சங்கத்தை யாரும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம், கிரயம் செய்யவும் வேண்டாம். தன்னுடையது என்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ, அத்தனை பேருடையது அது. கதவைச் சாத்திச் சாத்தி நாம் குறைத்துக்கொள்வது அந்த எண்ணிக்கையைத்தான்.

இவ்வளவையும் பையன்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நானும் நான்கைந்து பெயர்கள் சொன்னேன். ஒன்றுக்கும் முகம் மலரவில்லை. “வீட்டுல கேட்டுட்டு வர்றமுங்கய்யா” என்று போய்விட்டார்கள். நன்கொடை கேட்கக் கூட மறந்துவிட்டார்கள். கதை சொல்லிப் பிள்ளைகளைத் துரத்திவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரியவன் வந்தான். கூட வந்த பையன்களில் இருவரை நான் முன்பு பார்த்ததில்லை. கையில் இருந்த நோட்டு புதியது.

“பழசு என்ன ஆச்சு?” என்றேன்.

“கிழிச்சுப் போட்டமுங்க” என்றான்.

பிள்ளையார் சுழிக்குக் கீழே இருபத்து மூன்று பெயர்கள். இந்தத் தடவை தகப்பனார் பெயர் எழுதும் பத்தியே இல்லை. பழைய பதினெட்டில் ஆறு பெயர்களைக் காணோம். அந்த ஆறு வீடுகளில் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சங்கத்துக்கு அவர்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள்: ஏரிக்கரைக் கால்பந்துக் கழகம். ஏரி ஒரு தெருவுக்குச் சொந்தமானது அல்ல ஆகையால் நல்ல பெயர்தான்.

நன்கொடை கொடுத்தேன். அடுத்த மாதமே முதல் பந்தயம் ஆடி 5-க்கு 0 என்று தோற்றார்கள். சின்னவன் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்.

“மோகன் பகானுக்கு முதல் கோப்பை வர எத்தனை வருஷம் ஆச்சு?” என்று கேட்டேன்.

“பதினஞ்சுங்க.”

“அப்புறம் என்ன? மைதானத்துக்குப் போ” என்றேன். போனான்.